நடுக்கோட்டுக்கு மேலே ஒரு மயிரிழை

கொதித்து நின்ற வண்டிதான் எனக்குப் பிடிக்கும்.
ஆவி கிளம்புகிற இடத்தில் விரலை வைக்கலாம்.
பர்சினின் பழைய ஆடி கார் கொதிப்பதில்லை.
தோ-அஷூ கணவாய் ஏறும்போது
முள் நடுக்கோட்டைத் தாண்டி
ஒரு மயிரிழை மேலே போய் நிற்கும்,
அவ்வளவுதான்.

"கொஞ்சம் சூடு" என்றாள்.
இந்தத் தொழிலில் என்னை அதிகம் அலைக்கழித்தது
அந்தக் கொஞ்சம்.

முதல் தடவை மே மாதம் வந்தாள்.
தெர்மோஸ்டாட்டை மாற்றினேன்.
ஆயிரத்து இருநூறு சோம் வாங்கினேன்.
ஒன்றுமில்லை, போய் வா என்றேன்.
மைத்துனன் துர்குன்பெக்கும் ஒன்றுமில்லை என்றானாம்.
சாலையைப் பார்த்து ஓட்டு, முள்ளைப் பார்க்காதே.
முள்ளென்று பெயர் வைத்துவிட்டுக்
குத்தாதே என்றால் எப்படி?

ஜூன் கடைசியில் மறுபடி வந்து நின்றாள்.
பின்னிருக்கையில் ஐஸ் பெட்டி நிறையத் தடுப்பூசி.
சூசமிர் மேய்ச்சலில் எழுநூறு ஆடுகள் காத்திருக்கின்றன.
கையில் ஒரு சிட்டை:
எந்த வளைவில், என்ன வேகத்தில்,
ஏ.சி. போட்டா, போடாமலா.
கடைசி வரியில், அடிக்கோடிட்டு,
ஹீட்டரைத் திறந்தால் முள் இறங்குகிறது.
ஜூன் வெயிலில் ஹீட்டரோடு மலையேறியிருக்கிறாள்!
மாட்டு டாக்டர்.
வாய்விட்டுச் சொல்லாத நோயாளிகளோடு
இருபத்தோரு வருடம்.

தண்ணீர் குறையவில்லை.
எண்ணெயில் பால் கலந்த நிறமில்லை.
மூடியின் ரப்பர் நல்ல ரப்பர்.
கீழ்க்குழாயை அழுத்தினேன், வளையவில்லை.
ரேடியேட்டரை மூலைக்கு மூலை
உள்ளங்கையால் தடவினேன்,
குளிர்ந்த திட்டு ஒன்றுகூட இல்லை.
பம்பைக் கழற்றலாம் என்றான் எசென்.
அவனுக்கு எதையாவது கழற்ற வேண்டும்.
வேண்டாம் என்றேன், தாழ்ந்த குரலில்,
நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

விசிறி சுழன்றது.
பர்சினிடம் சிட்டையை வாங்கி
முன் கிரில்லின் மேல் வைத்தேன்.
காற்று இழுத்து ஒட்டிக்கொள்ள வேண்டும்.
நின்றது. யோசித்தது.
என் செருப்பின் மேல் விழுந்தது.
மறுபடி வைத்தேன்.
மறுபடி செருப்பு.

வெளியிலிருந்து பார்த்தால் சுத்தம், நேற்றுத்தான் கழுவியிருக்கிறாள்.
ஏ.சி. கண்டென்சரின் நான்கு போல்ட்டைத் தளர்த்தி
முன்னால் சாய்த்து
டார்ச்சோடு மூன்று தலைகள் உள்ளே நுழைந்தன.

பிஷ்கெக்கின் பாப்ளர் மரங்கள்
ஜூன் வந்தால் தெருத்தெருவாகக் கொட்டும் பஞ்சு.
ஏழெட்டு ஜூன்களின் பஞ்சு,
இரண்டு தகடுகளுக்கு நடுவே
வண்டிறகும் எண்ணெய்ப் பிசுக்கும் மலைப்புழுதியும் சேர்ந்து
யாரும் அடிக்காமல் தானே இறுகிய கம்பளி.
பஞ்சையும் நெருப்பையும் பக்கத்தில் வைக்காதே என்பார்கள்.
இது பற்றவில்லை.
சத்தமில்லாமல் காற்றைத் தின்றுகொண்டிருந்தது.

ஓரத்தைப் பிடித்து உரித்தேன்.
ஒரே விரிப்பாக வந்தது,
மறுபக்கம் முழுக்க ரேடியேட்டரின் வரிகள் அச்சாகி.
கூடாரத்துத் தரையில் போடலாம் என்றான் எசென்.
யாரும் சிரிக்கவில்லை, பிறகு மூவரும் சிரித்தோம்.

மே மாதம் கழற்றிய தெர்மோஸ்டாட்
அலமாரியில் கிடந்தது.
தூக்கிப் போட்டிருக்கலாம்.
கெட்டிலில் போட்டுக் கொதிக்க வைத்தேன்.
அவள் முன்னாலேயே
அழகாக வாய் திறந்தது.
ஒரு குறையுமில்லை அதற்கு.

ஆயிரத்து இருநூறை எண்ணிக் கொடுத்தேன்.
வேண்டாம் என்று ஒரு பேச்சுக்காவது சொல்வாள் என நினைத்தேன்.
பையில் வைத்துக்கொண்டு
அந்தக் கம்பளியை எடுத்துப் போகலாமா என்றாள்.
எதற்கு?
"துர்குன்பெக் சாப்பிடுகிற மேசையில் விரிக்க."

வண்டி தெருமுனை திரும்பியது.
கெட்டிலுக்குள் கிடந்ததை மறந்து
எசென் அதே வெந்நீரில் தேநீர் போட்டுவிட்டான்.
குடித்தோம்.
கொஞ்சம்
பித்தளை வாடை.